இன்னாவுக்கும் என்னவுக்கும் நடுவில் இரண்டு பிட்

அன்புள்ள அருள்,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. நீ பிள்ளைப்பாக்கத்தில், நான் மணிமங்கலத்தில். நடுவில் கம்பெனி மதில்களும் கன்டெய்னர் லாரிகளும். இவ்வளவு பக்கத்தில் இருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

இதை நம் ரேடியோ சங்கத்தின் செய்தி மடலில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன்னை நான் அவமானப்படுத்தியது சங்கத்தின் நடுவில் நின்றுதான். அதனால் இதையும் அவர்கள் படிக்கட்டும். நான் தலை குனிந்து எழுதுகிறேன் என்று அவர்களில் சிலர் சந்தோஷப்படுவார்கள். யார் யார் என்றும் எனக்குத் தெரியும்.

போன புதன்கிழமை உன் மனைவி ரெஜினா போன் செய்தாள். நீ போய் ஐந்து மாதத்தில் அவள் எனக்குச் செய்த முதல் போன்.

"அண்ணா, நல்லா கீறீங்களா?"

"சொல்லும்மா."

"மேல் போர்ஷன வாடகைக்கு வுடப்போறேன். ஒரகடம் கம்பெனில வேலை செய்றவங்க கேக்குறாங்க. அவர் நட்ட ரேடியோ கம்பம் மாடில குறுக்க நின்னுகினு கீது. ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்து கழட்டி காயலான் கடைல போட்டுடறேன்றான்."

"சரி."

"சரின்னா இன்னாண்ணா? அது வேலை செஞ்சுதா, இல்லையா? அத்த மட்டும் சொல்லுங்க. ரெண்டு வருஷமா தெனம் ஆறு மணிக்கு மாடி ஏறுவாரு. மச்சான்கூட பேசிட்டு வரேம்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்குக்கூட ஏறி எறங்கிட்டுத்தான் ஆட்டோல உக்காந்தாரு. யாருக்கும் கேக்காததுக்கா அவ்ளோ நாள் ஏறினாரு?"

வேலை செய்யவில்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. இரண்டு வருடமாக எல்லோரிடமும் நான் சொல்லி வந்தது அதைத்தான். ஆனால் இரண்டு வருடம் என்றாளே, அது எனக்குத் தெரியாது. நீ இரண்டு வாரத்தில் விட்டுவிட்டாய் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். நாம் ஒரே ஃபேக்டரியில் இருந்தோம். நான் எம்.இ. படித்துவிட்டு டெஸ்ட் லேபில். எனக்குக் கீழே சேர்ந்தவர்கள் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனார்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. நீ ஐடிஐ முடித்த மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ரேடியோ உரிமத் தேர்வு எழுதும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பார்த்துத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

மழையில் டவர் படுத்துவிட்டால் போன் செத்துவிடுகிறது. அப்போதும் ஒரு வரிச் செய்தியாவது உன் மாடியிலிருந்து என் மாடிக்கு வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம். விலை உயர்ந்த ரேடியோப் பெட்டி எதுவும் இல்லை. கம்ப்யூட்டரில் செருகும் சின்னக் கருவி ஒன்று. மீதி வேலை முழுவதையும் யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக் கூடிய ஒரு இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

செய்தியைப் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும். காற்றில் ஓயாமல் இரைச்சல் இருக்கும். அதில் பொட்டலம் எங்கே தொடங்குகிறது என்று கேட்கிற பக்கத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காக முன்னால் ஒரு அடையாளச் சொல். அந்தச் சொல் வரும்வரை காதில் விழுவதை எல்லாம் மென்பொருள் தள்ளிவிடும். என்ன சொல் வைக்கலாம் என்று போனில் கேட்டேன்.

"இன்னான்னே வெச்சிக்கலாம் வாத்யாரே. இங்கிலீஷ்ல அடிச்சா நாலு எழுத்து. நான் வாயத் தொறந்தா மொதல்ல அதானே வருது."

"அது 'இன்னா' இல்லை அருள், 'என்ன'."

"ஆமாமா, இன்னா."

நீ என்னை வாத்யாரே என்று கூப்பிட்டதே இதனால்தான். உன் பேச்சைத் திருத்தாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. வூடு என்றால் வீடு என்பேன். நான் ரெஜினாவைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்கே, "அப்ப நீ எனக்கு மச்சான்பா" என்று நீ முடிவு செய்துவிட்டாய். நான் உன்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. அருள் என்றேன். ஏன் என்று நீயும் கேட்கவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மழைக்காலத்தில் உன்னிடமிருந்து வருவது நின்றது. திரையில் உன் சிக்னல் பளிச்சென்று கோடாக விழுகிறது, ஆனால் ஒரு பொட்டலமும் பிரியவில்லை. நான் அனுப்புவது மட்டும் உனக்கு வருகிறது. போனில் சொன்னாய்.

"நீ எனக்கு சூப்பரா வர்ற. உன் பக்கம் ஒரு வாட்டி பாரேன்."

"என் பக்கம் எல்லாம் பார்த்தாச்சு. நீதான் போன வாரம் மென்பொருளைப் புது வெர்ஷனுக்கு மாத்தினே. ஓடிக்கிட்டிருக்கிறதுல ஏன் கை வைக்கறே?"

"அதுல ஒண்ணும் இல்லபா."

"இருக்கு. இனிமே போன் பண்ணாதே. முதல்ல ரேடியோல வா, அப்புறம் பேசலாம்."

கோபத்தில் சொன்னது. நீ அப்படியே எடுத்துக்கொண்டாய். அதன் பிறகு நீ எனக்குப் போன் செய்யவில்லை. எவ்வளவு திமிர் இவனுக்கு என்று நான் நினைத்தேன்.

நான் ரேடியோவில் உத்தரவு அனுப்பினேன். கேபிளை மாற்று. ஆன்டெனாவைத் திருப்பு. பழைய வெர்ஷனைப் போடு. பதில் இல்லை. அப்போது நான் செய்தது ஒன்று உண்டு. உன் சிக்னலைப் பிரிக்காமல், காற்றில் வந்தது வந்தபடியே, பதினோரு மாலைகள் பதிவு செய்து வைத்தேன். நினைவுக்காக என்று நினைத்துவிடாதே. தப்பு உன்னுடையது என்று நிரூபிக்க ஆதாரம் வேண்டும், அதற்காக.

அதில் அதுவரை பதிந்ததைத்தான் சங்கக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். நீ கடைசி வரிசையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தாய்.

"எல்லாம் மாத்திட்டேன்பா. நீ சொன்னதெல்லாம் பண்ணிட்டேன்" என்றாய்.

"ஐடிஐல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்க அருள். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற கைக்கு இது அதிகம்."

சிரித்தார்கள். இன்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவர்களும் அன்று சிரித்தார்கள். நீ கிளாஸை ஜன்னலில் வைத்துவிட்டு, "செரி வாத்யாரே" என்றாய். கொஞ்ச நாளில் நான் என் ரிசீவரை அணைத்துவிட்டேன். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகச் செய்தி வந்தபோது, அவன் கூப்பிடட்டும், போகலாம் என்றிருந்தேன். உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வரவில்லை.

ரெஜினா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தப் பதினோரு பதிவுகளையும் மறுபடி திறந்தேன். முன்பு பார்த்தவற்றையே திரும்பவும் பார்த்தேன். அலைவரிசை நகர்ந்திருக்கிறதா, இல்லை. வேகம் பொருந்துகிறதா, பொருந்துகிறது. இவ்வளவு சுத்தமான சிக்னலில் ஒரு பொட்டலமும் பிரியாமல் இருக்க வழியே இல்லை. கடைசியில், அன்று ஏன் செய்யவில்லை என்று இப்போதும் விளங்காத ஒன்றைச் செய்தேன். அடையாளச் சொல்லைத் தேடும் பகுதியையே கழற்றிவிட்டு, வருகிற ஒன்றையும் பூஜ்யத்தையும் அப்படியே காகிதத்தில் அச்செடுத்தேன். பென்சிலால் எட்டு எட்டாகப் பிரித்து எழுத்தாக மாற்றினேன்.

INNA என்று வந்தது.

என் மென்பொருளில் இருந்தது ENNA.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். பார், எழுத்துப்பிழை, உன் பக்கம்தான் தப்பு. உடனே என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன், இதற்கும் ஆதாரம் வேண்டுமே. நாம் போனில் பேசிய அன்றைய பக்கத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது: அடையாளச் சொல், INNA.

நோட்டில் நீ சொன்னபடி எழுதிவிட்டு, கம்ப்யூட்டரில் அடிக்கும்போது திருத்திவிட்டிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை அருள். விரல் பழக்கம்.

அப்படியானால் முதல் இரண்டு வருடம் எப்படி ஓடியது? அதற்கும் விடை கிடைத்தது. அடையாளச் சொல்லில் எத்தனை பிட் தப்பினாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று மென்பொருளில் ஒரு எண் உண்டு. மென்பொருளோடு வந்த மாதிரியில் இருந்தபடியே நாம் அதை மூன்று என்று விட்டிருந்தோம். I-க்கும் E-க்கும் நடுவில் இரண்டு பிட்தான் வித்தியாசம். உன் இன்னாவை என் பெட்டி பொறுத்துக்கொண்டது, என்னுடைய என்னவை உன் பெட்டி பொறுத்துக்கொண்டது. அந்த மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவில் புது எல்இடி விளக்குகள் போட்டு, அவற்றால் ரேடியோ இரைச்சல் கூடி, பொய்ப் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. எரிச்சலில் என் பக்கத்தில் மட்டும் அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினேன். சிக்னல் நன்றாக இருக்கும்போது ஒரு பிட் பிழையைக்கூட ஏன் பொறுக்க வேண்டும் என்று நினைத்தேன். நீ புது வெர்ஷன் போட்டதும் அதே வாரம். பழி அதன் மேல் போயிற்று.

எண்ணைத் திரும்ப மூன்றாக்கி உன் பதிவுகளை ஓட்டினேன். பதினொன்றும் பிரிந்தன. ஆங்கில எழுத்தில் நீ அடித்த தமிழை இங்கே தமிழிலேயே தருகிறேன். திருத்தாமல்.

முதல் நாள்: இன்னா வாத்யாரே, கேக்குதா. அடுத்தது: கேபிள் மாத்திட்டேன், இப்ப பாரு. மூன்றாவது: ஆன்டெனாவ உன் ஊரு பக்கம் கரெக்டா திருப்பிட்டேன், ரெஜினா கீழேந்து வழி சொன்னா. இன்னொன்று: பழைய வெர்ஷனே போட்டுட்டேன், நீ சொன்னது சரி, கை வெச்சிருக்கக் கூடாது. சங்கக் கூட்டத்துக்கு மறுநாள்: ஐடிஐ பேசுறேன், கேக்குதா. அதற்குப் பிறகு ஒரு நாள் வெறும் ஷிஃப்ட் கதை, லைன் நின்றுபோய் ஓ.டி. பார்த்தது.

பதினொன்றாவது: கேக்கலனா பரவால்ல மச்சான். நாளைக்கு அனுப்புறேன்.

நாளைக்கு அனுப்பியிருக்கிறாய். இரண்டு வருடம் அனுப்பியிருக்கிறாய். அவை எதையும் நான் பதிவு செய்யவில்லை. அனுப்பியதை உன் பெட்டி சேமித்து வைப்பதும் இல்லை. அப்படி வேண்டாம், இடத்தை அடைக்கும் என்று சொன்னவனும் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாடி ஏறி என்ன சொன்னாய்?

சனிக்கிழமை காலை அச்செடுத்த தாளோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆன்டெனா வரியில் ரெஜினா சிரித்துவிட்டாள்.

"வழியா சொன்னேன்? எறங்கு, தோசை ஆறுதுன்னு கத்தினேன்."

படித்து முடித்ததும் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"மீதி?"

"மீதி இல்லம்மா. நான் அணைச்சு வச்சிட்டேன்."

தாளை நான்காக மடித்தாள்.

"அப்ப அவரு வெட்டியா பேசல. நீங்கதான் காதப் பொத்திகினு இருந்திருக்கீங்க."

ஆமாம் என்றேன். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. நானாக இருந்தால் மன்னித்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ஸ்பானரோடு வந்தான். கம்பத்தைக் கழற்றினான், ஆனால் காயலான் கடைக்கு அல்ல. படிக்கட்டு அறையின் மேல் மூலையில் நட்டுவிட்டான், குடி வருகிறவர்கள் துணி காயப்போட இடம் விட்டு. நான் கேபிள் நீட்டினேன். உன் பரணில், கேபிள் முனையை இறுக்கும் என்னுடைய கிரிம்பிங் டூல் கிடந்தது. நாம் பேசிக்கொண்டிருந்த காலம் முழுக்க நீ இல்லை இல்லை என்று சாதித்த அதே டூல். இதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து ரிசீவரைப் போட்டேன். என் ENNA-வை INNA-வாக மாற்ற உட்கார்ந்தேன், பிறகு விட்டுவிட்டேன். என்னிடம் இருப்பது அப்படியே இருக்கட்டும், உன்னிடம் இருப்பதும். மூன்று என்ற எண்ணை மட்டும் யாரும், முக்கியமாக நான், தொடாதபடி காகிதத்தில் எழுதித் திரையில் ஒட்டியிருக்கிறேன்.

ஆறு மணிக்கு ஒரு பொட்டலம் வந்து பிரிந்தது. எந்தப் பொத்தான் என்று ரெஜினாவுக்குக் காலையில் காட்டியிருந்தேன். "இன்னாண்ணா, கேக்குதா" என்று இருந்தது.

"கேட்கிறது" என்று அடித்தேன். அழித்தேன். "கேக்குது" என்று அடித்து அனுப்பினேன்.

உனக்கு நான் அனுப்பாத பதிலும் அதுதான் அருள். இனி எந்த மாலையும் ஆறு மணிக்கு என் ரிசீவர் அணைந்திருக்காது. உன் மாடியிலிருந்து எது வந்தாலும், எத்தனை எழுத்து தப்பியிருந்தாலும், அன்றைக்கே பதில் போகும்.

கேக்குது என்று சொல்ல இரண்டு வருடம் எடுத்துக்கொண்ட,
உன் மச்சான்,
சங்கரலிங்கம்