காலிக் கோப்பையோடு முர்மான்

அன்பு மகள் நாத்தியாவுக்கு, பத்தூமியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மழைக்கும் குறைவில்லை, அப்பாவின் முழங்கால்தான் மழைக்கு முன்னாலேயே முனக ஆரம்பித்துவிடுகிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, வெளிச்சம் அப்படி என்று என்னிடம் கதை விடாதே.

என் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் முர்மான் என்று ஒருவர், மீன்பிடிப் படகில் சமையல் செய்கிறவர், நாற்பதை நெருங்குகிறார். முதலாளி படகை விற்கப்போகிறார், வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்தால்தான் குடும்பம் நடக்கும், அதற்கு நேர்காணலில் இங்கிலீஷ் பேசியாக வேண்டும். இவரோ வகுப்பில் எழுந்து நின்றாலே வாயில் கொழுக்கட்டை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பார். இவருக்கு வராது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

போன மாதம் அவர் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வகுப்பையே கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கோப்பையைத் தூக்கி ஒவ்வொருவருக்காக வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்துகிற தமாதா யார் தெரியுமா, இதே முர்மான். ஒயின் கோப்பை கைக்கு வந்ததோ இல்லையோ, பேச்சு கொட்டுகிறது. இறந்தவர்களுக்கு வாழ்த்து, பிறந்தவளுக்கு வாழ்த்து, உன் அப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தின்மேல் பழி போட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. அடுத்த வகுப்பிலேயே அவர் கையில் திராட்சைச் சாறு ஊற்றி ஒரு கோப்பையைக் கொடுத்து, இங்கிலீஷில் வாழ்த்துச் சொல்லுங்கள் என்றேன். கடவுளுக்கு, மீனுக்கு, பக்கத்தில் உட்காரும் பல் டாக்டருக்கு, ஒருவரையும் விடவில்லை மனிதர்.

வெள்ளிக்கிழமை நேர்காணல். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் அவர் மனைவி தாரிக்கோவும் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி அதிகாரி இவருக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தார். தண்ணீரை வைத்து யாராவது வாழ்த்துவார்களா, இவர் நேராக எழுந்து போய் அதை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி ஆரம்பித்துவிட்டார். போச்சு டீச்சர், இந்த மனுசன் இங்கயும் விருந்து நடத்த ஆரம்பிச்சுட்டாரு என்று தாரிக்கோ தலையில் கை வைத்தாள். அதிகாரி முதலில் விழித்தார். அப்புறம் தன் டீக்கோப்பையை எடுத்துக்கொண்டு அவரும் எழுந்து நின்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் அவர்களுக்கு விருந்து வைத்தேன். தூரத்தில் இருப்பவர்களுக்கான வாழ்த்து வந்தபோது, இதை இங்கிலீஷ்லயே சொல்றேன் டீச்சர், நம்ம மொழி தெரியாத உங்க மாப்பிள்ளைக்கும் சேரட்டும் என்று முர்மான் எழுந்தார். இந்த மேசையில் இல்லாதவர்களுக்கு என்று தொடங்கியவர், தாரிக்கோ மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார். அடுத்த வருடம் தான் கப்பலில் இருக்கும்போது இந்த வாழ்த்து யாருக்கு என்பது அப்போதுதான் உறைத்திருக்கிறது. கை பொத்தானுக்குப் போய்விட்டது. வாழ்த்தைப் பாதியில் விடலாமா, நான் எழுந்து முடித்துவைத்தேன். நீ போன நாளிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதுதான், வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வால்நட் அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் வை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம்.

உன் அம்மா,
லமாரா