ஊதாத திருநீறு

நவம்பர் 28, இரவு.

எங்கள் வார்டில் இருக்கும் செல்விக்கு அவள் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தி இன்று ஆறாம் நாள். பழனிக்குப் போய்வந்த அவள் அப்பா, முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவள் நெற்றியில் திருநீறு இட்டார். கண்ணில் விழாமலிருக்க ஊதக் குனிந்தார். அவருக்குச் சளி வேறு.

"ஊதாதீங்கய்யா!" கத்தியேவிட்டேன்.

"முருகன் துன்னூறும்மா..." அவர் நிமிர்ந்தார்.

தப்பு என்னுடையது. முகக்கவசம் போடச் சொன்ன நர்ஸ் நான், காரணத்தைச் சொல்லவில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்பதற்கான மாத்திரை, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்று இன்றுதான் விளக்கினேன்.

"இம்புட்டு இருக்கா? மொதல்லயே சொல்லியிருந்தா நான் கிட்டக்கயே வந்திருக்க மாட்டேனே" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

வேலை முடியும்போது பார்த்தேன், செல்விக்குச் சிறுநீர் நேற்றைவிட அதிகம்; புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. சிறுநீர் சேரும் பையைக் கண்ணாடி வழியே சுட்டிக்காட்டினேன்.

அந்தப் பையைப் பார்த்துக் கைகூப்பினார்.