மணலிக் காற்று என்று நினைத்தேன்

செவ்வாய், இரவு.

இன்று காலை அப்பா கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார். கண்டுபிடித்துச் சொன்னது எதிர்வீட்டு மல்லிகா அக்கா. நான் பக்கத்து அறையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். நாற்றம் எனக்கும் வந்தது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். திருவொற்றியூரில் எல்லோரும் அதைத்தான் செய்வோம்.

அக்கா கதவை இடித்தார். "இன்னாபா, ஊர் நாத்தத்தையெல்லாம் பேப்பர்ல எய்துற, உன் வூட்டு நாத்தம் தெரியலயா? கேஸ் தொறந்து கீது!"

ஓடிப்போய் அடுப்பை மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"நான் அடுப்பாண்டயே போவல நைனா" என்றார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். கையில் லைட்டர் இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"உனக்கு டீ போடலாம்னு இத்தத் தேடிகினு இருந்தேன். இப்பத்தான் கெடச்சுது."

இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அதை அழுத்தியிருப்பார்.

ரெகுலேட்டரைக் கழற்றி என் அலமாரியில் பூட்டிவிட்டேன். ஆனாலும் இரண்டு முறை எழுந்துபோய் மோந்து பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவின் மறதிக்காக எடுத்த தலை ஸ்கேன் முடிவு வியாழன் மாலை வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாளை புதன். எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு அப்பாவோடு யார் இருப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.