தூண்டில் பெட்டியில் வசம்பு

19-6-1957, புதன்.

வள்ளி முழுகாமல் இருக்கிறாள். கணவன் உயிர்க்கொலை செய்யக் கூடாதாம். அதனால் கண்மாய் விராலுக்குச் சேவல் இறகில் பொய் இரை கட்டும் சாமான்களை இன்று தகரப் பெட்டியில் வைத்தேன். தூண்டில் முட்களுக்கு விளக்கெண்ணெய் தடவினேன். இறகைப் பூச்சி அரிக்காமலிருக்க, அடுக்களையில் கிடந்த வசம்பு முழுவதையும் அள்ளிப் போட்டேன்.

முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இந்த ஐந்து மாதமாக அவள் பிள்ளை என்ற பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"அம்புட்டையும் இதுலயா போட்டீங்க?"

ஒரு துண்டை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"பிள்ளைக்கு ஒரசிக் குடுக்க வேணும்ங்க."

மீதியையும் எடுத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். இறகைப் பூச்சி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.