பின்சீட்டில் உருவிய நூல்

என் பிரியத்துக்குரிய ஜெபராஜ் மாப்ளைக்கு,

மேலே வண்டியெல்லாம் உண்டா, இல்லை எல்லாருக்கும் நடைதானா? உண்டென்றால் இந்நேரம் அதன் சீட் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

சேதி இதுதான். நாம் வாங்க நினைத்த பெரிய வண்டியை நேற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றல்ல, இரண்டு. நெருப்பெரிச்சலில் இருக்கிற நம் பனியன் யூனிட்டில் டீக்கு மெஷினை நிறுத்தும்போது, நாம் இருவரும் வாசலில் நின்றபடியே எத்தனை முறை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றியிருப்போம்! என் பக்கம் நாலு பேர், உன் பக்கம் நாலு பேர். ஏழு சீட்டுக்கு ஒரு ஆள் அதிகம் என்பேன். "சின்னவ என் மடியில இருப்பா மச்சான், நீ மொதல்ல வண்டிய எடு" என்பாய். இப்போது ஏழு பேர்தான். கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தக் கச்சிதத்தை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

அந்த ஏழும் என் கணக்குத்தான். எஸ்தர் தங்கச்சி வேறு கணக்கு வைத்திருக்கிறாள். "முழுப் பரீட்சை முடிஞ்சதும் பிள்ளையள கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிருதேன்ணே. நாசரேத்துல அம்மை தனியாத்தான இருக்கா" என்று போன வாரம் சொன்னாள். "சரிங்க அம்மிணி" என்றேன். வேறென்ன சொல்ல? போகாதே என்றால், அவள் பெயரில் இருக்கிற உன் பங்குக்காகத்தான் பிடித்து வைக்கிறேன் என்று ஆகிவிடாதா? உன் இரண்டு பெண்களும் துணிக் குவியலில் ஏறிக் குதிக்காத யூனிட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, மாப்ள. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அவிய போயிட்டா நமக்கு அஞ்சு சீட்டே போதுமுங்க" என்றாள் என் பூங்கொடி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சு என்று முடிவு செய்தால் உன் குடும்பத்தை நானே நடுரோட்டில் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். ஏழு என்று முடிவு செய்தால் காலி சீட்டைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். இந்தக் குழப்பத்தோடுதான் ஷோரூமுக்குப் போனேன். வரமாட்டேன் என்ற எஸ்தரை, "யூனிட் பேர்ல எடுக்கற வண்டி, பங்குக்காரி பாக்காம எப்படி?" என்று பூங்கொடிதான் இழுத்து வந்தாள்.

நாம் பனியன்காரர்கள். கதவைத் திறந்ததும் மூன்று பேரும் சீட்டைத்தான் தடவினோம். துணியைக் கிள்ளினோம், இழுத்தோம், தையலைத் திருப்பிப் பார்த்தோம். டை கட்டிய விற்பனைத் தம்பி எஞ்சினைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். யார் காதிலும் ஏறவில்லை.

முதல் வண்டி அரக்கு நிறம், அஞ்சு சீட். கியர் ஒரு விரலுக்கே விழுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் பக்கத்தில் போகிற லாரியின் ஹார்ன் அடுத்த ஊரில் அடிப்பது போலக் கேட்கிறது. பின்னால் சாம்பிள் பெட்டிகள் தாராளமாகப் போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

இரண்டாவது வெள்ளை, ஏழு சீட். ஸ்டியரிங் கனம். வளைவில் உடம்பை ஆட்டுகிறது. டீசல் சத்தம் உள்ளே வருகிறது, பின்வரிசைக்கு ஏசி போய்ச் சேருவதற்குள் ஊரே வந்துவிடும். ஆனால் அந்த உயரம் இருக்கிறதே மாப்ள! நம் யூனிட் மண்ரோட்டுப் பள்ளமெல்லாம் அதற்குப் பள்ளமே இல்லை. பல்லடம் தாண்டியதும் ரோடு எங்கோ கீழே ஓடியது, நாங்கள் அதன் மேலே மிதந்துபோனோம்.

பொங்கலூர் வரை நான் ஓட்டினேன். திரும்பும்போது விற்பனைத் தம்பி ஓட்டினார், பூங்கொடி முன்னால் உட்கார்ந்தாள், நான் நடுவில். எஸ்தர் தானாகவே கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நீ போனதிலிருந்து அவள் எங்கேயும் கடைசி வரிசைதான், கோயிலிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி.

மாசி மாத மத்தியானம். காற்றே இல்லை. வயல் நடுவே காற்றாலைகள் சும்மா நின்றன. சிடியில் ஏதோ பாட்டு, குளிர்ந்த காற்று, கண் செருகிவிட்டது. அப்போது அந்த இறக்கைகளெல்லாம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன. பார்த்தால் நீதான் வண்டி ஓட்டுகிறாய். சட்டைப் பையில் வழக்கம்போலத் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருக்கிறது. பீடி சிகரெட் தொடாத மனுசன், நூலை உருவிப் பற்றவைத்து, பருத்தியா கலப்பா என்று மோந்து பார்ப்பதற்கென்றே தீப்பெட்டி சுமந்தவன் திருப்பூரில் நீ ஒருவன்தான். நீ திரும்பவே இல்லை, ரோட்டையே பார்த்து ஓட்டினாய். வாசனை மட்டும் வந்தது, நூல் கருகும் வாசனை. ஐயோ, இந்தத் தூக்கம் கலையக்கூடாதே என்று நினைத்தேன்.

"ஏனுங்க மேடம், என்ன பண்ணறீங்க!" என்று தம்பி போட்ட சத்தத்தில் விழித்தேன். வாசனை போகவில்லை. திரும்பிப் பார்த்தால் எஸ்தர் கையில் உன் தீப்பெட்டி. இன்னொரு கையில் கருகிச் சுருண்ட நூல்.

"காட்டன் கலந்ததுன்னு சொன்னாவ. முழுக்க பாலியெஸ்டர்ணே" என்றாள், உன் குரலிலேயே. அப்புறம்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது போலிருக்கிறது, முகம் வெளுத்துவிட்டது. நூலை உருவிய இடத்தில் சீட் துணி ஒரு சாண் நீளத்துக்கு இழை பிரிந்து ஓட்டம் விட்டிருந்தது.

ஷோரூமில் மேலாளர் வந்து அந்தச் சீட்டைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். எஸ்தர் என்னைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள். கடைசி வரிசைக்காரி, மாப்ள!

"கெடுத்தது நான்தான் சார். எங்க யூனிட்டுல கெடுத்தவங்களே அத எடுத்துக்கிடணும். எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம்."

நீ போட்ட சட்டம். கூலியில் பிடிக்கக்கூடாது, கெடுத்த பீஸைக் கெடுத்தவனே போட்டுக்கொண்டு வரட்டும் என்றாய். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையான சட்டையில் முதலில் வந்து நின்றவனும் நீதான்.

"இந்த உறையக் கழட்டி, எங்களுக்கு வார வெள்ளை வண்டியில மாட்டிருங்க. எங்களுக்கு வார புதுச இதுல போட்டுக்கிடுங்க" என்றாள். பிறகு என்னிடம், "அந்த சீட்டுல நான் உக்காந்துக்கிடுதேன்ணே."

"அப்ப பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போறதுங்க அம்மிணி?"

"போவோம்ணே. அம்மையப் பாக்கணும்லா. எல்லாரும் இதுலயே போயிட்டு, இதுலயே திரும்பி வருவோம்."

பூங்கொடி ஷோரூம் என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் எஞ்சினைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். துணி ஓட்டம் விடாமல் நூல் உருவத் தெரியாதவளா எஸ்தர்? உன்னோடு அத்தனை வருஷம் இருந்தவள் ஆயிற்றே. நேற்று மட்டும் ஏன் தவறியது? நான் அவளிடம் கேட்கப்போவதில்லை. உனக்குத் தெரிந்தால் சொப்பனத்தில் வந்து சொல்.

எது நல்ல வண்டி என்று யாராவது கேட்டால் அரக்கு வண்டி என்றுதான் சொல்வேன். வரப்போவது வெள்ளை. உன் தீப்பெட்டியை முன்னால் இருக்கிற டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சாண் ஓட்டத்தை ஒருத்தரையும் ஊசி வைத்துத் தொடவிடமாட்டேன். சின்னவள் தூங்கிவிழுந்தால் என் மடியில் போட்டுக்கொள்வேன். நாசரேத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோய், பத்திரமாக நம் ஊருக்கே கூட்டிவருவேன், மாப்ள. இது சத்தியம்.

உன் வீட்டுக்காரிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
துரைசாமி