ஐந்து விருந்தாளிகள் போன பிறகு

அன்பு மகள் அக்மாரலுக்கு அம்மா எழுதுவது. அல்லாவின் கருணையால் நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் செமெய் நகரத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் தம்பி சாபித் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் குடிலில் தனியாக இருக்கிறான். இன்று காலை வானொலியில் நீயே வாசித்தாய், நாளை நல்ல வெயில், வெள்ளி மதியம் மழை, அன்று மாலையே வடக்குக் காற்று திரும்பிப் பனிப்புயல், போன வாரத்தைவிடக் கடுமை என்று. அதற்குள் அவன் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும், அதற்குத்தான் உன்னிடம் ஒரு வேலை சொல்லப் போகிறேன். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, செல்போன் கோபுரம் ஒடிந்து கிடக்கிறது. லாரிக்காரன் கைராத், கணவாய்க்கு மேலே போய்ச் சிக்னல் கிடைத்ததும், இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். வாயால் சொல்லி அனுப்பினால் ஒன்றைப் பத்தாக்கிவிடுவான் என்பதால் எழுதுகிறேன். கைராத், நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும், படித்தது உன் வயிற்றோடு இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன் கேள். இந்த மாதம் பிறந்ததும் நாலு நாள் குளிர்ந்து பனித்தூறல் விழுந்ததா, உன் அப்பா அதையே ஐந்து விருந்தாளிகள் குளிர் என்று முடிவு கட்டிவிட்டார். வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி வெட்டவெளியில் கிளம்பி விறைத்துச் செத்த அந்தப் பழங்கதை ஐந்து பேரின் குளிர் கடக்காமல் நம் வீட்டு ஆடு ஆற்றைத் தாண்டியதே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் மாத நடுவில்தான் வரும். வைக்கோல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டதால் இந்த வருஷம் அவருக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. நீ போன் போட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய், "அப்பா, அது வெறும் தூறல், பெருசு இனிமேதான் வருது"ன்னு. அவர் சிரிக்கிறார், "அஞ்சு பேரும் வந்து டீ குடிச்சிட்டுப் போயாச்சு, இனிமே எவன் வரப்போறான்? உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு"ன்னு. சாபித்தையும் மந்தையையும் அன்றைக்கே ஆற்றைத் தாண்டி அனுப்பிவிட்டார்.

நீ சொன்ன நாளில், சொன்ன மாதிரியே வந்தது. முதலில் மழை, ஆட்டு ரோமமெல்லாம் தண்ணீர் குடித்துத் தொங்கியது. மதியம் காற்று திரும்பியதும் அத்தனையும் ஐஸ். தொழுவத்துத் தகரத்தைப் பிய்த்தெறிந்தது, அந்தத் தகரம் பழுப்புக் குதிரையின் கழுத்தை அறுத்துப்போட்டது, வாசலெல்லாம் ரத்தம். உன் அப்பா மற்ற குதிரையில் ஏறிப் பாலத்தைத் தாண்டி ஓடினார். ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தால் யாரால் திருப்ப முடியும்? நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று. அடியில் கிடந்தவை நசுங்கிச் சாகச் சாக மேலே இருந்தவை குதித்துக்கொண்டே இருந்தனவாம். குட்டிகள் எல்லாம் கூழ். இவர் பள்ளத்துக்குள் இறங்கிக் கொம்பைப் பிடித்தும் காலைப் பிடித்தும் இழுக்கிறார், கை விறைத்தது கூடத் தெரியாமல். சாபித் கத்தியிருக்கிறான், "மந்தையை விடுங்கப்பா, நீங்க செத்துடுவீங்க, வாங்க"ன்னு. இவர் சவுக்கை எடுத்துப் பிள்ளையின் முகத்தில் வீசினார், "மந்தையை விட்டுட்டு வர்றவன் எனக்குப் பொறந்தவனே இல்ல"ன்னு. புருவத்திலிருந்து உதடு வரை கிழிந்துவிட்டது. இன்னொரு தடவை ஓங்கினாராம், அவன் சவுக்கைப் பிடுங்கி ஒடித்துப் போட்டு, அப்பாவை ஒரே குத்தில் கீழே தள்ளி, கையைக் கயிற்றால் கட்டி, அறுத்த ஆட்டைப் போடுவதுபோலக் குதிரைமேல் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பெற்றவரை அடித்தான்தான். அடிக்காவிட்டால் நான் இன்று விதவை, இதை நான் மசூதி வாசலில் நின்றும் சொல்வேன்.

அவர் கையில் ஆட்டு வால்கொழுப்பைத் தடவித் தடவிப் பார்த்தேன், இடது கையில் இரண்டு விரல் கறுத்துவிட்டது, தேறாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பேச்சு வந்ததும் இந்த மனுஷர் சொன்ன முதல் வார்த்தை, "என்னைக் கட்டி இழுத்துட்டு வந்தவன் என் வாசல்ல நிக்கக் கூடாது." எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் அத்தை கொடுத்த டீக் கிண்ணம் எல்லாவற்றையும் சுவரில் அடித்தேன், அவற்றுக்காக நீ வருத்தப்படாதே. சாபித்தோ முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, மாவும் உலர்தயிரும் பேட்டரி ரேடியோவும் எடுத்துக்கொண்டு, "மிச்சம் இருக்கறதைக் கொண்டு வந்தா கதவைத் திறப்பாரான்னு கேட்டு வைம்மா" என்று சொல்லிவிட்டு விடிந்ததும் போய்விட்டான். அன்று மதியமே பாலம் போயிற்று. இக்கரையிலிருந்து குடிலில் புகை தெரிகிறது, பிழைத்த கொஞ்சம் ஆடுகளை வளைத்துக் கட்டியிருக்கிறான். பள்ளத்தில் கிடக்கும் பிணங்களுக்கு ஓநாய் வந்துவிட்டது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. மேலே கல்துறையில் குதிரையும் ஆளுமாக ஆற்றைக் கடந்துவிடலாம், ஆட்டால் முடியாது. அதனால்தான் நீ எத்தனை புயல் என்று வாசித்தாலும் அவன் அசைய மாட்டான், அப்பா சொன்ன அந்த வார்த்தை அவனைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் குடில் கூரை வெள்ளிக்கிழமையைத் தாங்காது மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று காலை நீ வாசித்து முடித்ததும் உன் அப்பா எழுந்துபோய்க் குதிரைக்குச் சேணம் கட்டப் பார்த்தார். கட்டுப்போட்ட கையால் வாரைப் பிடிக்க முடியவில்லை, பல்லால் கடித்து இழுத்தார், தடுமாறிச் சேற்றில் விழுந்தார். தூக்கப் போனவளைத் திட்டினார், நானும் பதிலுக்குத் திட்டினேன். அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் பேப்பர் எடுத்துவரச் சொன்னார். வானிலை முடிந்ததும் மேய்ப்பர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் படிக்கிறாயே, அதில் அவர் சொன்னதைச் சேர்த்துப் படி. உன் மேலதிகாரி திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள். பிழைத்த ஆடுகளைக் குடிலில் அடைத்துவிட்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே என்று கத்தினார், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

நீ நன்றாக இரு, உன் குரலுக்கு ஆண்டவன் பலம் கொடுக்கட்டும், வெயிலை நம்பி மேல்கோட்டைக் கழற்றாதே. இன்று மாலையிலிருந்தே படிக்க ஆரம்பி. அவர் சொன்னது சொன்னபடி இதுதான்: "சாபித், மந்தையை விட்டுட்டு வா. அப்பா சொல்றேன்." ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை படி, முதல் தடவை அவன் நம்ப மாட்டான்.

உன் அம்மா,
ஓரின்குல்