ஒரே எண்ணில் நின்ற நாடி

அம்மாவுக்கு இசக்கிமுத்து எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் என் குரலை வைத்தே என் பயத்தைக் கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பயப்படாதே. உன் பேத்தி யாழினிக்குக் காய்ச்சல் முற்றி, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. நான்கு நாளாகத் திருப்பூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

நேற்று அவள் தலைமாட்டுத் திரையில் நாடித்துடிப்பு 152-லேயே நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கம்பெனியில் நான் ஓட்டும், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் சத்தம் ஒரே சீராக இருந்தால்தான் துணியில் ஓட்டை விழாது. அந்தப் பழக்கத்தில் நர்ஸிடம், "சீரா ஓடுது சிஸ்டர், இனி பயமில்லல்லா?" என்று சிரித்தேன்.

"இல்லீங்ண்ணா. மூச்சுக்குத் தகுந்தாப்ல கொஞ்சம் ஏறி எறங்கோணுங்க. அதைப் பாத்துக்கறதுக்குத் தானா வேலை செய்யற நரம்பு இருக்குதுங்க. கிருமி அதையும் மந்தமாக்கிப்போடுச்சுங்க."

இதென்ன கணக்கு அம்மா? சத்தம் மாறினால் மெஷினை நிறுத்து என்றுதானே கம்பெனியில் பதினோரு வருடமாகச் சொல்லித் தருகிறார்கள்? இங்கே மாறட்டும் என்று காத்துக்கிடக்கிறேன்.

அவளுடைய பூப்போட்ட போர்வையை பஸ்ஸில் கொடுத்துவிடு. உன் பழைய சேலை ஒன்றும் வை. அது எனக்கு.

இரு. திரையில் 147. இப்போது 150. மறுபடி 146. சந்தோஷப்படலாமா என்று நர்ஸைக் கேட்டுவிட்டு வருகிறேன்.